அப்பாவைத் தெரியாத ஊர்

பிப்ரவரி 6

தங்கைக்கு,

நான் வந்து சேர்வதற்குள் அப்பாவின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாய். இது நீ எனக்குச் செய்த தவறு. அவருக்கும் செய்த தவறு. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று உன் வீட்டில் எனக்குப் பேச வாய் வரவில்லை.

நீ அழைக்கும்போதெல்லாம் நான் போனை எடுப்பதில்லை என்று உன் அண்ணியிடம் குறைபட்டாயாம். இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், பிறகு இரண்டு பேரும் பேசித் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எழுது. அழுதுகொண்டே எழுதினாலும் வாக்கியத்தை முடித்தாக வேண்டும் அல்லவா.

ரயில் தாமதம். ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். உன் வாசலில் வாடகை நாற்காலிகளை ஒருவன் அடுக்கிக்கொண்டிருந்தான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டேன். "காலேஜ் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சுங்களே, மதியமே" என்றான். சொல்லிவிட்டு என் பைக்கு இடம் வேண்டும் என்று ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டான். அப்பா இல்லை என்பதை நீ சொன்னாய். அப்பாவின் உடலும் இல்லை என்பதை நாற்காலிக்காரன் சொன்னான். மூத்த மகன் நான். முகத்தைப் பார்க்கவில்லை.

அதிலும் எந்தக் கல்லூரி? அவர் ஆயுசு முழுவதும் உழைத்த அதே உடற்கூறு அறை. தொட்டியில் கிடக்கும் உடல்களைத் தூக்கி மேசையில் கிடத்துவதும், மாணவர்கள் அறுத்துப் படித்து முடித்ததும் துடைத்து மூடுவதும் அவர் வேலை. அந்த வேலை அவரிடமிருந்து என்னவெல்லாம் பிடுங்கிக்கொண்டது என்பது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்குள் நாங்கள் பழகிவிட்டோம்.

அவர் ஏன் கரண்டியால்தான் சாப்பிட்டார் என்று யோசித்திருக்கிறாயா? நாகரிகம் என்று நீ உன் தோழிகளிடம் பெருமையடித்ததை நான் கேட்டிருக்கிறேன். எந்த சோப்புக்கும் அந்த மருந்து வாடை விரலை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும். "ராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு வர்றேன், உனக்கென்ன?" என்பார் அம்மாவிடம். நம் கன்னத்தை அவர் உள்ளங்கையால் தொட்டதே இல்லை. புறங்கையால்தான் தொடுவார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் 'தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். தொட்டி வந்துட்டான், மூக்கை மூடு என்பார்கள். அந்தப் பெயரோடு நான் அங்கே எவ்வளவு நாள் உட்கார முடியும்? வெளியே வந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். விட்ட படிப்பையும் நானேதான் படித்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற அன்று, "இனிமே நான் வேற மனுஷன்" என்று அவர் சொன்னதை உன் காதும்தான் கேட்டது. அப்படிப்பட்டவரைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாய்.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. உடலைத் திரும்பக் கேட்டு எழுது. உடனே எழுது.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மெஷின் மேலேயே வைத்திருந்தேன். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு காலர் முடிந்ததும் இன்னொரு முறை படித்தேன். நீங்கள் சொல்லும் கரண்டிக் கதை எனக்குத் தெரியும். அவரோடு கடைசி வரை உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

கொடுத்தது என் முடிவு இல்லை. அவர் கேட்டது. போன வருஷம் மழைக்காலத்தில், அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அதையே சொன்னார்.

"இத்தனை வருஷமா எத்தனை பேரை மேசைமேல படுக்க வச்சேன். என் முறை வர்றப்ப நான் மட்டும் மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறதா? அவங்க மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

அவங்க என்று அவர் சொன்னது செத்தவர்களை. அண்ணா, அவர் உயிரோடு இருக்கிற மாணவர்களை நீ, வா, போ என்பார். மேசையில் இருப்பவர்களை நீங்கள் என்பார். மறுநாள் எந்தப் பாகம் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பாராம். "நாளைக்குக் கை பாக்கறாங்க. வலது கைதான். பயப்படாதீங்க." இதை என்னிடம் சொன்னது ஒட்டகம். அப்பாவுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட, கழுத்து நீண்ட ஆள். இப்போது அப்பா இடத்தில் அவர்தான் இருக்கிறார்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "பெரியவன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா உன்னைத் திட்டுவான்" என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்குப் போன் போட்டார். காலேஜ் என்ற வார்த்தை வந்தாலே நீங்கள், "அந்தப் பேச்சை விடுங்கப்பா" என்பீர்கள். அவர் விட்டுவிடுவார். கரண்ட் எப்படி இருக்கு, வேலை எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு வைப்பார். வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்பார். அவருக்கு அடுத்த வாரங்கள் தீர்ந்துபோயின.

சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் ரயில் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியை இரண்டு முறை காத்திருக்கச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திரும்பக் கேட்க மாட்டேன். நீங்கள் என்மேல் கோபப்படுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

தங்கை


மார்ச் 3

தங்கைக்கு,

நம்பவில்லை. காய்ச்சலில், வலியில் ஒரு கிழவர் சொன்னதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். என்னிடம் சொல்லாததால் அது அவர் முடிவே ஆகவில்லை. என்னிடம் சொல்ல முடியாத ஒன்றை அவர் எப்படி விரும்பியிருப்பார்?

கல்லூரிக்கு நானே எழுதினேன். ஒப்படைத்தவரின் கையெழுத்து இல்லாமல் திருப்பித் தர முடியாதாம். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். புது மாணவர்கள் வந்து பாடம் தொடங்கும்வரை அவரைத் தொட மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் கையெழுத்துப் போடு.

போடாவிட்டால் ஒன்று செய். பாடம் தொடங்கியதும் எனக்குத் தெரிவி. எந்த நாளில் அவரை வெட்டுகிறார்கள் என்று தெரியாமல் என்னால் காயில் சுற்ற முடியவில்லை. சுற்று எண்ணிக்கை தவறிப்போகிறது. நேற்று ஒரு மோட்டாரை எரித்துவிட்டேன். என் பட்டறையில் இப்படி நடந்ததே இல்லை.

இனி இதைப் பற்றி வேறொன்றும் எழுத மாட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 12

அண்ணனுக்கு,

பாடம் தொடங்கியதும் தெரிவிக்கச் சொன்னீர்கள். தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அன்றே எழுதியிருக்க வேண்டும். தினமும் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இன்று எழுதப் போவது நீங்கள் எதிர்பார்ப்பது இல்லை.

போன வாரம் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். எதிரே ஒட்டகம் வந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று சந்துக்குள் திரும்பிவிட்டார். அந்தக் கழுத்தை எந்தச் சந்தில் ஒளிக்க முடியும்? பின்னாலேயே போய்ப் பிடித்தேன். நலம் விசாரித்தேன். அவர் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அப்பாவை எந்த மேசையில் வைத்திருக்கிறார்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். நாளைக்குக் காலேஜுக்கு வாங்க அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அந்த கேட்டில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான். உயரமான ஜன்னல்கள். அதன் கீழே வரிசையாக இரும்பு மேசைகள். எல்லா மேசையிலும் வெள்ளைத் துணி மூடியிருந்தது. வாசலைத் தாண்டும்போதே அந்த வாடை வந்தது. அண்ணா, எனக்கு அது அப்பாவின் வாடை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும், உங்களைத் தவிர?

மேசைகளைத் தாண்டி ஒட்டகம் என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரோரமாக மூடி போட்ட தொட்டிகள். கடைசித் தொட்டியின் பக்கத்தில் நின்றார்.

"பாடம் தொடங்குற அன்னைக்கு எல்லாரையும் மேசைக்கு ஏத்தணும். பெரியவர் முறை வந்துச்சு. மூடியத் திறந்தேன். அப்படியே மூடிட்டேன்."

யாரும் கேட்கவில்லையா என்றேன்.

"டாக்டரம்மா கேட்டாங்க, பெரியவர் ரெடியான்னு. இன்னும் மருந்து சரியா ஏறலைன்னு சொன்னேன். பொய்யுன்னு அவங்களுக்கும் தெரியும். இருக்கட்டும், இருக்கட்டும்னு வேகமா போயிட்டாங்க. நான் காப்பாத்திவிட்ட மாதிரி போனாங்க அக்கா."

டாக்டரம்மா அந்தத் துறைக்கே தலைவி. அவரையும் பார்த்தேன். கதவைச் சாத்தினார். தான் மாணவியாக அந்த அறைக்குள் நுழைந்த முதல் நாள் மயங்கி விழப் போனதாகவும், அப்பாதான் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததாகவும் சொன்னார். கூட இருக்கும் மற்ற ஆசிரியர்களைக் கேட்டுப் பார்த்தாராம். ஒருவர் லீவு போட்டுவிட்டார். இன்னொருவர் அப்பாவோடு கேரம் ஆடியவர். "இங்க பாடம் நடத்தற எல்லாரும் அவர் கையால தண்ணி குடிச்சவங்கம்மா. யாரு முதல் கத்தியை வைக்கறது?"

அடுத்த வருஷம் என்று இழுத்தேன்.

"அடுத்த வருஷமும் நாங்கதானே இருப்போம்" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். எதற்கு நான் அங்கே போனேனோ அதை மறந்து, படித்த அந்த அம்மாளின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு கெட்டவரைக் கொடுத்திருந்தால் இந்நேரம் நான்கு பிள்ளைகள் அவரை வைத்துப் படித்திருப்பார்கள். அப்பாவை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் ஒருவரும் தொடாமல், இருட்டில், மூடியின் கீழ் கிடக்கிறார். கல்லறையிலும் இல்லை, மேசையிலும் இல்லை. நீங்கள் கேட்டதையும் தரவில்லை, அவர் கேட்டதையும் செய்யவில்லை. இரண்டையும் கெடுத்தவள் நான்.

அன்று பின்னறையை விட்டு வருமுன் தொட்டியின் மூடிமேல் கையை வைத்தேன். ஒட்டகம் பின்னால் நின்று, "தினமும் காலையில வணக்கம் சொல்லிடறேன் அக்கா" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. வணக்கம் வாங்கிக்கொள்ளவா அப்பா அங்கே போனார்?

நீங்கள் மார்ச்சில் அனுப்பிய மனுவில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஜெயித்துவிட்டீர்கள். வந்து அடக்கம் செய்யுங்கள்.

தங்கை


நவம்பர் 15

அண்ணா,

என் கடிதம் வந்ததா? அண்ணியிடம் கேட்டேன். வந்தது, படித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்கிறார். வேறொன்றும் சொல்ல மறுக்கிறார். ஒரு நாள் முழுவதும் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கோ போய் வந்தீர்களாமே. நீங்கள் பட்டறையைப் பூட்டினீர்கள் என்று அண்ணி சொன்னபோது எனக்குப் பயமாகிவிட்டது.

கல்லறைக்காரர் இரண்டு முறை வந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டால் மண் நிற்காது, இப்போதே தோண்டட்டுமா என்கிறார். என்ன சொல்லட்டும்?

நீங்கள் திட்டி எழுதினால்கூட நன்றாக இருக்கும். எட்டு மாதம் சண்டை போட்டது ஒரு துணையாக இருந்தது. இப்போது மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதை நிறுத்திவிட்டால் அப்பா இருமுவது போல இருக்கிறது.

ஒரு வரி போதும்.

தங்கை


நவம்பர் 24

தங்கைக்கு,

கல்லறைக்காரரைப் போகச் சொல். தோண்ட வேண்டாம்.

நீ அனுப்பிய மனுவைக் கிழித்துவிட்டேன். எதற்கு என்று சொல்கிறேன். நான் ஜெயித்துவிட்டதாக எழுதியிருந்தாய். புதைப்பதா ஜெயிப்பது என்று யோசித்ததும் எனக்கு ஒரு தபால்காரர் நினைவுக்கு வந்துவிட்டார்.

நீ தொட்டிலில் கிடந்த காலம். நம் தெருவுக்குத் தபால் கொண்டுவந்த மனிதர் ஒருவர், தன் உடலைக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனார். அப்போது அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர் கையால் தபால் வாங்கி வளர்ந்தவர்கள். துணியை விலக்கியதும் எல்லோரும் பின்னால் போய்விட்டார்கள். வேறு மேசை கேட்டார்கள். அவரைத் திரும்பத் தொட்டியில் போட்டார்கள். அடுத்த வருஷமும் அதே கதை. கடைசியில் எதற்கும் உதவாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்த மனுஷன் நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அழுதோம், கும்பிட்டோம், புதைச்சோம். கேட்டதை மட்டும் செய்யல."

இப்போது நாம் அப்பாவுக்குச் செய்யப் போவதும் அதேதான். அழுகிறோம். ஒட்டகம் வணக்கம் சொல்கிறார். நான் அம்மாவின் பக்கத்தில் இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கேட்டதைச் செய்ய ஆள் இல்லை.

அந்த ஊரில் அது நடக்காது. அவரைத் தெரியாத ஊரில்தான் நடக்கும். அவரை யாருக்குமே தெரியாத ஊர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது, நான் இருக்கும் இந்த ஊர். இத்தனை வருஷத்தில் அவரை இங்கே கூப்பிட்டு ஒருவருக்கும் நான் காட்டியதில்லை. அது இப்படிப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

இங்கே நகரத்தின் மறுகோடியில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்களை எனக்குத்தான் கொடுப்பார்கள். எடுக்க ஆள் அனுப்புவேன், நான் போனதில்லை. பட்டறையைப் பூட்டிய அன்று அங்கேதான் போனேன். துறைத் தலைவர் இளைஞர். விஷயத்தைச் சொன்னேன். யார் உங்களுக்கு என்றார். அப்பா என்றேன். இங்கே வேலை செய்யும் யாருக்காவது அவரைத் தெரிந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்டேன். இருக்காது என்றார். நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். "தெரியாம இருக்கறதுதான் வேணுமா சார்?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்றாவது முறையும் வண்டியை நீ நிறுத்தியிருக்க வேண்டும். இதை நான் சாகும்வரை சொல்லுவேன். அப்பா செய்ததும் தவறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டைப் பற்றிப் பேசியதற்குப் பதில், நான் கத்தினாலும் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு முடிவு செய்தீர்கள். இந்த முறை நான் முடிவு செய்கிறேன். இதில் மாற்றம் கிடையாது.

ஆக வேண்டியவை:

நீ, இதோடு வைத்திருக்கும் புதுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். உடலை இங்குள்ள கல்லூரிக்கு மாற்றச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கிறேன். அழுது மையைக் கரைத்துவிடாதே. இன்னொன்று தயார் செய்ய எனக்குத் தெம்பில்லை.

டாக்டரம்மா, தன் பக்கத்து அனுமதியை எழுதிக் கொடுக்க வேண்டும். தயங்கினால் தபால்காரர் கதையைச் சொல். அதற்கும் தயங்கினால், கத்தி வைக்கிறீர்களா, கையெழுத்து வைக்கிறீர்களா என்று கேள்.

ஒட்டகம் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். அதை வேறு யாரும் செய்யக் கூடாது. இந்த ஊர்வரை கூட வரலாம். கல்லூரி வாசலோடு திரும்பிவிட வேண்டும். உள்ளே வந்து அங்கிருப்பவர்களிடம் பெரியவர் அப்படி, பெரியவர் இப்படி என்று ஆரம்பித்தாரென்றால் ஒரே நாளில் இந்த ஊருக்கும் அவரைத் தெரிந்துவிடும்.

நீ வண்டியில் அவரோடு வர வேண்டும். வழியில் எங்கும் அவரைத் தனியாக விட்டுவிட்டு இறங்காதே.

உன் அண்ணி வாசலில் நின்று உடலை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுவாள். அவளிடம் சொல்லிவிட்டேன். தாளில் இருக்கும் பெயருக்கு மேல் அவரைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பாடம் முடிந்த பிறகு மிஞ்சியதைக் கல்லூரியே புதைக்கும். எங்கே என்று நீயும் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

நான் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் துணியை விலக்கச் சொல்லுவேன். முகத்தைப் பார்த்துவிட்டால் உள்ளே விட மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அன்று பட்டறையைத் திறந்துவைத்து வேலை பார்ப்பேன்.

எல்லாம் முடிந்ததும் உன் அண்ணி உன்னைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடுவாள். போ. நான் வர நேரமாகும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அண்ணன்